லோக்கலா போடுங்க

1986. வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டர். தெலுங்குப் படம் ஒன்று தமிழுக்கு வந்துகொண்டிருந்தது. நான் போனது கும்பலில் கத்துவதற்கு. "அடிங்கடா", "புடிங்கடா", "ஐயோ" என்று கத்த ஆள் வேண்டும் என்று நண்பன் ஒருவன் இழுத்துப் போயிருந்தான். அடியாள் ஒருவனுக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. பேச வேண்டியது இரண்டே வரி. பையன் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டான், பின்னால் போய்ப் பார்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்க வேண்டும். என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

அப்போதெல்லாம் லூப். காட்சியைத் துண்டாக வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி, வளையமாக ஓட விடுவார்கள். திரையில் அதே அடியாள் அதே வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பான், நமக்குச் சரியாக வரும்வரை.

"நீ எந்த ஏரியாப்பா?" என்றார் டப்பிங் இன்சார்ஜ்.

"பட்டாளம் சார். புளியந்தோப்பு பக்கம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அப்ப கவலையே இல்ல. உங்க வீட்ல பேசற மாதிரியே பேசு."

பேசினேன். என் நைனா ஹார்பரில் மேஸ்திரியிடம் பேசுகிற மாதிரி. "அண்ணே, அந்தப் புள்ள டேசனாண்ட போய்ட்டுது. நா பின்னால போய்ப் பாக்கட்டா?"

"இல்லப்பா. லோக்கலா போடு."

அந்த அறையில் லோக்கல் ஆள் நான் ஒருவன்தான். மறுபடி பேசினேன், மறுபடி இல்லை என்றார். வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை எனக்கே பிடிபட்டது. தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, தேங்காய் சீனிவாசனில் பாதி, சந்திரபாபுவில் கால்வாசி, மீதிக்கு ஒரு கெட்டவார்த்தையின் ஓரம் சேர்த்து, "இன்னா நைனா, அந்தக் கஸ்மாலம் டேசனாண்ட அப்பீட்டு ஆயிக்கினான்!" என்று இழுத்தேன்.

"ஓகே! இதான்யா லோக்கல்!"

பேட்டா நாற்பது ரூபாய் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறுத்தியது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அப்பாவை நைனா என்போம், பிரியமானவர்களையும் நைனா என்போம். ஆனால் மேஸ்திரியிடம் கஸ்மாலம் என்று சொல்லிவிட்டு வேலையோடு வீடு திரும்ப முடியுமா? நான் பேசியது சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட பாஷை. சினிமாவிடமிருந்து வாங்கியதைச் சினிமாவுக்கே திருப்பி விற்றிருந்தேன்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் ஆகப் போகிறது. ஜேப்படிக்காரன், கஞ்சா விற்பவன், கந்துவட்டிக்காரனின் கையாள், வேனிலிருந்து குதிக்கும் நாலாவது ஆள், சமீபத்தில் கார்ட்டூன் படங்களில் திருட்டு விலங்குகள். கணக்கில்லை. ஒரு வாத்தியாருக்கோ பேங்க் மேனேஜருக்கோ அந்தப் பாஷையில் பேசச் சொல்லி ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

வேறு மொழிப் படத்தைத் தமிழில் பேச வைக்கும் இந்தத் தொழிலுக்கு நல்ல வயசாகிறது. ஏவி.எம். தங்கள் கன்னட 'ஹரிச்சந்திரா'வை 1944-ல் தமிழில் பேச வைத்ததிலிருந்து கணக்குச் சொல்வார்கள். அரிச்சந்திரன் என்ன பாஷை பேசினால் நமக்கென்ன. என் கதை அடியாட்களைப் பற்றியது.

மெட்ராஸ் பாஷையைத் திரையில் எல்லோருக்கும் பிடிக்க வைத்தவர் சந்திரபாபு. 1958-ல் வந்த 'சபாஷ் மீனா'வில் அவருக்கு இரட்டை வேடம், அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். அந்த உடம்பையும் காதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ரிக்‌ஷா ஸ்டாண்டில் நின்று கேட்டு வாங்கிய ஓசை அது, அதில் கேலியைவிடப் பிரியம் அதிகம். ஆனால் சந்திரபாபு தூத்துக்குடிக்காரர், சின்ன வயசில் இலங்கையில் வளர்ந்தவர். 1972-ல் வந்த 'காசேதான் கடவுளடா'வில் டீக்கடைக்காரராகவும் போலிச் சாமியாராகவும் வந்து தியேட்டரையே உருட்டிய தேங்காய் சீனிவாசன் பிறந்தது ஸ்ரீவைகுண்டம். 1968-ல் 'பொம்மலாட்டம்' படத்தில் இந்தப் பாஷையிலேயே ஒரு பாட்டைப் பாடி ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்த மனோரமா மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். 1963-ல் 'பார் மகளே பார்' படத்தில் மெக்கானிக்காக வந்த சோ, மயிலாப்பூர் வக்கீல். நாலு பேரில் ஒருவர்கூட பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே பிறந்தவர் இல்லை.

பிறக்காதவர் பேசக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பிரச்சினை அவர்கள் இல்லை, அந்தப் பாஷைக்குக் கதையில் கிடைத்த இடம். அறுபதுகளின் சபா நாடகங்களில் வேலைக்காரியும் மெக்கானிக்கும் பால்காரனும் வாயைத் திறந்ததுமே கூட்டம் சிரிக்கும். என்ன சொன்னார்கள் என்பது அப்புறம். எஜமானர் வீட்டுக் கூடத்தில் நடக்கிற கதை, வாசற்படியில் நிற்கிறவருக்கு இந்தப் பாஷை. நாடகங்கள் அப்படியே படமானபோது வாசற்படியும் கூடவே வந்துவிட்டது.

இதை எனக்கு விளக்கியவர் என் ஆயாதான், சினிமா பற்றி ஒரு வரிகூடப் படிக்காதவர். 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்' பார்க்கப் போனோம். எனக்கு எட்டு வயசு. எம்.ஜி.ஆர். சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே சண்டை போட, தியேட்டரில் விசில் நிற்கவில்லை. அந்தப் படத்துக்குத்தான் அவருக்கு தேசிய விருது கிடைத்தது. எங்கள் தெருவில் ரிக்‌ஷா வலித்தவர்களுக்கு அது தங்களுக்கே கிடைத்த விருது. அவர் மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்ததைச் சாமியே கொடுத்தது போலச் சொல்வார்கள். இடைவேளையில் முறுக்கு தின்றுகொண்டே கேட்டேன்: "ஆயா, வாத்யாரு ரிக்‌ஷாக்காரருதான, ஏன் நம்மள மாரி பேசல?"

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஈரோ எப்டிடா நம்மள மாரி பேசும்?"

அந்தப் படத்தில் சோவும் தேங்காய் சீனிவாசனும் இருந்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். 1973-ல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தது. மனுஷனை மனுஷன் இழுத்துப்போவது ரோட்டில் நின்றது. திரையில் அந்த ரிக்‌ஷாக்காரரின் நாக்கு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாக்கில் என்னதான் இருந்தது என்று வயசான பிறகுதான் தேட ஆரம்பித்தேன். கஸ்மாலம் சமஸ்கிருதம். குருக்ஷேத்திரத்தில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனிடம் கண்ணன் கேட்கிற கேள்வியில் இருக்கும் சொல் அது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்துச் சொல் எப்படிப் புளியந்தோப்புக் குழாயடிக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பேமானி, பேஜார், கலீஜ், நாஸ்தா, ஜல்தி எல்லாம் உருது வழியாக வந்தவை. ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்த ஊரில் உருது பேசாமல் யார் இருந்திருக்க முடியும்? டப்பும் நைனாவும் தெலுங்கு. துட்டு டச்சுக்காரர்களின் செப்புக் காசு. 1613-லேயே பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள், இங்கே இங்கிலீஷ்காரன் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்னால். டச்சுக்காரன் போய்ச் சேர்ந்து, அவன் காசும் மறைந்து, துட்டு மட்டும் எங்கள் ஆயாவின் சுருக்குப் பைக்குள் தங்கிவிட்டது. பிகில் இங்கிலீஷ் ஊதுகுழல்.

மிச்சமெல்லாம் தமிழ்தான், அவசரத்தில் பேசிய தமிழ். வீட்டண்டை என்பது ஊட்டாண்ட. இழுத்துக்கொண்டு என்பது இஸ்துகினு. குந்து என்றால் மயிலாப்பூரில் முகம் சுளிப்பார்கள், எங்களுக்கு அது உபசாரம். "வா, குந்து, நாஸ்தா துன்னியா?" நாலு சொல்லில் ஒரு வீட்டின் வரவேற்பு முடிந்துவிடும். கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவன், மூட்டைக்குச் சொந்தக்காரன், கணக்கு எழுதியவன், காவல் நின்றவன் எல்லோரும் வேறு வேறு வீட்டுப் பாஷைக்காரர்கள். வேலை நடக்க ஒரு பாஷை வேண்டும், அதுவும் கத்தினால் கேட்கிற பாஷை. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் பட்டணம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்த இடத்தில் இது கலந்தது. இப்போது ஜார்ஜ் டவுன் என்கிறோம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மெட்ராஸ் வளர்ந்தது வடக்கேதான். காசு சேர்ந்தவர்கள் தோட்டம் துரவு என்று தெற்கே போனார்கள், போகும்போது பாஷையை விட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவு. பக்கிங்ஹாம் மில் 1876, கர்னாடிக் மில் 1881, பிறகு இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி. காக்கித் துணிக்குப் பேர் போனது. பட்டாளத்துக்குப் போன காக்கியில் எங்கள் தெருவின் வியர்வை உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் அந்தத் தொழிலாளிகள் சேர்ந்து மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். தாத்தா அதை ஏதோ தன் சொந்தக் கல்யாணத் தேதி போலச் சொல்வார், அப்போது அவர் பொடியன் என்றாலும். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. சாதி குறுக்கே வந்து தொழிலாளிகள் இரண்டாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைப் பற்றி மட்டும் தாத்தா பேச மாட்டார். யார் வைத்த தீ என்று நான் கேட்டபோது, "பீடி எடுத்துட்டு வா" என்றார்.

தாத்தாவின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியலில் மில் சங்கு. சட்டையை இஸ்திரி போடாமல் போக மாட்டார். சாயங்காலம் திரும்பி, தெருக்குழாயில் குளித்து, நெற்றியில் ஒன்றும் இடாமல், பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். படிக்கத் தெரியாத நாலு பேர் சுற்றிக் குந்தியிருப்பார்கள். படிப்பது சுத்தத் தமிழ். நடுவில் நிறுத்தி, "இன்னா சொல்றான்னா..." என்று விளக்குவது மெட்ராஸ் பாஷை. கூலி, பஞ்சப்படி, ரஷ்யா, அமெரிக்கா எல்லாம் அந்தப் பாஷையில் எங்களுக்கு விளங்கியது. உலக அரசியல் பேசத் தாங்கிய பாஷையால் சினிமாவில் ஜேப்படி மட்டும்தான் செய்ய முடிந்தது. மில் 1996-ல் மூடிவிட்டது. அந்தச் சங்கு ஊதுகிற ஒரு படத்துக்கு நான் இதுவரை குரல் கொடுத்ததில்லை.

தொண்ணூறுகள் வரை சிரிப்பு. அதற்கப்புறம் கத்தி. எந்த வருஷம் மாறியது என்று கோடு போட முடியாது, ஆனால் எனக்கு வந்த வேலையில் தெரிந்தது. 2004-ல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' வந்தது. இந்தி மூலத்தில் பம்பாய் ரவுடி பேசிய தெருப் பாஷை, தமிழில் அப்படியே மெட்ராஸ் பாஷை ஆனது. கமல் பேசினார், ஹீரோவே பேசினார், ஆயா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் ஹீரோ இப்போது ரவுடி. 2006-ல் 'புதுப்பேட்டை', 2007-ல் 'பொல்லாதவன்', 2011-ல் 'ஆரண்ய காண்டம்'. நல்ல படங்கள், தொழில் தெரிந்தவர்கள் எடுத்தவை. அவற்றைப் பார்த்து எடுத்த மட்டமான படங்கள்தான் என் வீட்டு அடுப்பை எரித்தன. அவற்றில் காசிமேடு என்றால் மீன் கிடையாது, பிணம் உண்டு. பேப்பர்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. மற்ற ஊர்க் குற்றவாளிக்குப் பெயர் போதும், எங்கள் ஆளுக்கு முன்னால் ஏரியாவையும் சேர்த்து அச்சடிப்பார்கள், இனிஷியல் மாதிரி.

2014-ல் ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருக்கும் காளி ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான், ஃபுட்பால் ஆடுகிறார்கள், மாடிப்படியில் சிரித்துப் பேசுகிறார்கள். எங்கள் பாஷை வீட்டில் எப்படி ஒலிக்குமோ அப்படி ஒலித்தது. அதிலும் ரத்தம் இருக்கிறது, அது வேறு பேச்சு. 2018-ல் 'வட சென்னை' வந்தது. கேரம் ஆடுகிற அன்பு, கேரம் போர்டில் ஆரம்பித்து ஜெயிலுக்குள் போகிறான். எங்கள் தெருமுனை கேரம் போர்டையும் அதன் மேல் தொங்கும் பல்பையும் பெரிய திரையில் பார்த்தது பரவசம்தான். ஆனால் 2008-ல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் ஜெயித்த இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024-ல் அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா ஆட்டோ ஓட்டுநரின் மகள், அவளும் வடசென்னை. கேரம் ஆடியவர்கள் நிஜத்தில் போய்ச் சேர்ந்த இடம் அது. திரைக்கு ஜெயில்தான் கைக்கு எட்டியது.

இப்போது செல்போனில் புள்ளிங்கோ என்று கேலி. கலர் அடித்த முடி, இறுக்கமான பேண்ட், ஓட்டை பைக். கேலி செய்கிறவர்கள் இருபது வயசுப் பிள்ளைகள், சந்திரபாபுவைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். வாசற்படி மட்டும் அதேதான்.

என் மகள் ஆறாங்கிளாஸிலேயே வீட்டுப் பாஷையை விட்டுவிட்டாள். "இன்னா" போய் "என்ன" வந்தது, நைனா போய் அப்பா வந்தது. நான் கேட்கவில்லை, சந்தோஷம்கூடப் பட்டேன். படித்து முடித்து ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். எங்கே வீடு என்றிருக்கிறார்கள். புளியந்தோப்பு என்றதும் கேட்ட மனுஷர் நிமிர்ந்து பார்த்து, "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றாராம், பாராட்டுகிற தொனியில். "அங்க ராத்திரியில ஆட்டோ எல்லாம் வருமா?" என்று இன்னொருத்தர். வேலை கிடைத்தது. அடுத்த கம்பெனிக்குப் போட்ட பயோடேட்டாவில் பெரம்பூர் என்று எழுதினாள். பின்கோடு மட்டும் உண்மை சொல்லும், அதை யாரும் படிப்பதில்லை.

அன்றைக்கு ராத்திரி அவள் கோபமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பேசாமல் சாப்பிட்டேன். அந்த மனுஷர் புளியந்தோப்புக்கு வந்திருக்க மாட்டார். அவருக்கு எங்கள் ஏரியா தெரிந்த விதம் திரையில்தான். அவர் பார்த்த படங்களில் எத்தனையில் வேனிலிருந்து குதித்த நாலாவது ஆள் என் குரலில் பேசினானோ.

ஆயாவுக்குக் கடைசி காலத்தில் சர்க்கரை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். அங்கே ஒரு டாக்டர், ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிராமலே, "இன்னா ஆயா, ஊட்டாண்ட போயி நல்லா சக்கரப் பொங்கல் துன்னியா? கால எட்த்துர்ரதா இல்ல வுட்டு வெக்கிறதா, நீயே சொல்லு" என்பார். ஆயா சிரித்து, ஊசியைப் போட்டுக்கொண்டு, வெளியில் வந்து, "தங்கமான புள்ள" என்பார். வேறு டாக்டர் நல்ல தமிழில் சொன்ன எதையும் அவர் கேட்டதில்லை.

போன மாசம் ஒரு இந்தித் தொடருக்கு டப்பிங். சாலிகிராமத்தில் சின்ன அறை, லூப் எல்லாம் என்றைக்கோ போய்விட்டது, கம்ப்யூட்டரில் கோடு கோடாக ஓடுகிறது. எனக்கு வழக்கம்போல ரௌடி, முடித்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்றில் டாக்டருக்கு இரண்டே வரி, பேச ஆள் இல்லை. இன்சார்ஜ் போன் பேச வெளியில் போயிருந்தார். சவுண்ட் இன்ஜினியர் காசிமேட்டுப் பையன். வேலை செய்கிற இடத்தில் திருவொற்றியூர் என்று சொல்லிக்கொள்வான். எனக்கு மட்டும் தெரியும்.

"அண்ணே, டாக்டரையும் நீங்களே போட்டுருங்க."

வெள்ளைக் கோட்டுக்காரர் திரையில் ரிப்போர்ட்டைப் பிரித்தார். பேப்பரில் எழுதியிருந்தது: அம்மா, நீங்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. நான் அதைப் பார்க்கவில்லை. "இன்னாமா, மாத்திரைய ஒயுங்கா துன்னலியா? அப்பால பேஜாரா பூடும், சொல்ட்டேன்." வாயசைவுக்கு அச்சாகப் பொருந்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பையன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பின்னால் இழுத்து ஒரு தடவை ஓட்டிக் கேட்டான். சிரிக்காமல் இன்னொரு தடவை கேட்டான்.

"எங்க டாக்டர் இப்டிதாண்ணே பேசுவாரு," என்றான்.

கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார் வர்றாரு. இன்னொரு டேக் போயிரலாம்ணே."

தொண்டையைச் செருமிக்கொண்டு பேப்பரைக் கையில் எடுத்தேன். "அம்மா, நீங்கள் மருந்தை ஒழுங்காக..." ஒரே டேக்கில் ஓகே.